ஜெட்டியில் யாருக்கும் பட்டா கிடையாது

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன் பையோடு வெளியே வந்தால் நாலு எட்டில் ரோச்சோர் கால்வாய். இந்தத் தண்ணீரை நம்பித்தான் ஒரு காலத்தில் இங்கே மாட்டுக் கொட்டகைகள் இருந்தன. பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் அந்த எருமைகள் விட்டுப் போனவை. இன்று கால்வாய் சுங்கை ரோட்டோரம் போய், காலாங் பக்கம் இறங்கி, மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2008இல் மரினா அணைக்கட்டு திறந்த பிறகு உப்பு மெல்ல வடிந்து, கடல்வாயாக இருந்த இடம் நன்னீர் ஏரியாகிவிட்டது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டேர், அதாவது தீவில் ஆறில் ஒரு பங்கு. சிராங்கூன் ரோட்டில் பெய்த மழையைத்தான் சுத்திகரித்துக் குடிக்கிறோம்.

1977இல் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஓர் இலக்கு வைத்தார்: பத்து வருடத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும். பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், கரையோரப் பட்டறைகள், தெருக் கடைகள் எல்லாம் இடம் பெயர்ந்தன. சேற்றை அள்ளினார்கள். 1987இல் வேலை முடிந்ததாகக் கொண்டாடினார்கள். ஆறு சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க அன்றைக்கு வைத்த அளவுகோலே தூண்டில்தான். அதே தூண்டிலை இன்று நினைத்த இடத்தில் போட முடியாது என்பதில் முரண் ஒன்றும் இல்லை. ஆறு குடிநீர்த் தொட்டியாகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த ஊரில் பொழுதுபோக்காக மீன் பிடிக்க உரிமம் வேண்டாம். இங்கிலாந்தில் நன்னீரில் தூண்டில் போட 13 வயதானவரும் உரிமம் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான ஆறுகளில் அது மட்டும் போதாது, கரைக்குச் சொந்தக்காரரோ அவரிடம் உரிமை எடுத்த சங்கமோ சம்மதிக்க வேண்டும். நம் ஊர்ப்பக்கம் கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்தவருக்குத் தெரியாமல் தூண்டில் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நீர்த்தேக்கங்களும் கால்வாய்களும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு, பூங்காக்களும் பல ஜெட்டிகளும் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. குறித்த இடத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதால்தான் சிக்கலே. சொந்தக்காரர் இருந்தால் சண்டையை அவர் தீர்த்து வைப்பார். இங்கே நாமேதான் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மீன்பிடி இடத்துக்கு ஆபத்து வருவது மீன் தீர்ந்துபோவதால் அல்ல என்பது என் எண்ணம். ஓட்டப்பயிற்சி செய்பவர் காதோரம் தூண்டில் முள் பறந்தது, நாய்க்குட்டி காலில் தூண்டில் நரம்பு சுற்றியது, மேல்மாடிக்காரர் ராத்திரி தூங்கவில்லை என்று புகார் சேரும்போதுதான் அறிவிப்புப் பலகையில் எழுத்து மாறும். கீழே உள்ளவற்றைப் படிக்கும்போது அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர்

செய்யுங்கள்:

– போகும் முன்பு பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் அனுமதித்த இடங்களின் பட்டியலையும் வரைபடத்தையும் பாருங்கள். பிடோக், மெக்ரிட்சி, லோவர் பியர்ஸ், லோவர் சிலேத்தார், கிராஞ்சி நீர்த்தேக்கங்களில் இடம் உண்டு. ஆனால் நீர்த்தேக்கம் முழுவதும் அல்ல, கரையில் குறித்த ஒரு பகுதி மட்டும். பலகைக்கு இந்தப் பக்கம் நின்றால் நீங்கள் பொழுதுபோக்காளர், அந்தப் பக்கம் நின்றால் குற்றவாளி. அபராதம் 3,000 வெள்ளி வரை போகலாம்.

– நீர்த்தேக்கத்தில் செயற்கை இரை (லூர்) மட்டும் போடுங்கள். ரப்பர் மீன், மரத்தால் செய்த தவளை, உலோகத் தகடு, எது வேண்டுமானாலும் சரி. மண்புழு, இறால், ரொட்டி மாவு எல்லாம் கடலோர ஜெட்டிக்கு. தேக்காவில் வாங்கிய இறாலைப் பையில் வைத்துக்கொண்டு மெக்ரிட்சிக்குப் போனால் அது சமையலுக்கு என்று நீங்கள் சொல்லலாம். கேட்பவர் நம்ப வேண்டுமே!

– பலகையில் எழுதியிருப்பதை ஒருமுறை நின்று படியுங்கள், நேரம் உட்பட. நாலு மொழியில் எழுதியிருக்கிறார்கள், நம் மொழியும் அதில் இருக்கிறது.

செய்யாதீர்கள்:

– தண்ணீரில் இறங்காதீர்கள். முழங்கால் வரைதான் என்றாலும் வேண்டாம். கரையிலிருந்து எட்டாத மீன் நமக்கு எழுதாத மீன்.

– வலை வீசாதீர்கள். ஊரில் வீச்சுவலையில் கைதேர்ந்தவராக இருந்திருக்கலாம், அந்தத் திறமையை இங்கே காட்ட இடம் இல்லை.

– தொட்டி மீனையோ சந்தையில் வாங்கிய உயிர்மீனையோ புண்ணியம் என்று நீர்த்தேக்கத்தில் விடாதீர்கள். விசாக தினத்தையொட்டி ஆண்டுதோறும் அதிகாரிகளும் தொண்டூழியர்களும் நீர்த்தேக்கக் கரையில் நின்று இதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். நன்னீர் தெரியாத மீன் செத்துப்போகும். தெரிந்த மீனோ மற்றதை எல்லாம் தின்று பெருகும். இன்று தூண்டில்காரர்கள் ஆசையாகத் தேடிப் போகும் பீக்காக் பாஸ் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஊரில் ஜிலேபி என்று சொல்லும் திலாப்பியாவை ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் உணவுக்காக ஜாவாவிலிருந்து கொண்டுவந்தார்கள். அப்பர் சிலேத்தாரில் தென் அமெரிக்க நன்னீர்த் திருக்கைகூடக் குடியிருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியைக் காலி செய்ததன் விளைவு அது.

இடம் பிடிப்பது

உணவங்காடியில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போவதற்கு இந்த ஊர் வழக்கில் 'சோப்' என்று பெயர். அங்கே செல்லுபடியாகும். ஜெட்டியில் செல்லாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் பிடோக் ஜெட்டிக்குப் போய்ப் பாருங்கள். 1966இல் ஒரு வியாபாரி பழைய இரும்பு இறக்கக் கட்டியது, சுமார் 250 மீட்டர் நீளம். கைப்பிடிக் கம்பியில் வரிசையாகத் தூண்டில்கள் சாய்ந்திருக்கும், பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார். ஒருவரே நாலு தூண்டிலை நாலு மீட்டருக்கு ஒன்றாக வைத்துவிட்டு நடுவில் மடக்கு நாற்காலி போட்டிருப்பார். பின்னால் வந்த குடும்பம் பிள்ளைக்கு வாங்கிய புதுத் தூண்டிலோடு இடம் தேடி நடக்கும். சட்டம் இதில் தலையிடாது, நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

– கூட்டம் இல்லாத வார நாளில் இரண்டு, மூன்று தூண்டில் போடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். கூட்டம் சேரும்போது ஒன்றைச் சுருட்டுங்கள். கேட்பதற்கு முன்பே சுருட்டினால் மரியாதை.

– ஏற்கெனவே ஒருவர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமானால் வாய்விட்டுக் கேளுங்கள். "அங்கிள், இங்கே போடலாமா?" என்ற ஒரு வாக்கியம் போதும். சீனப் பெரியவரோ மலாய்க்காரரோ நம் ஆளோ, கிட்டத்தட்ட எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கிறது, அடியில் எங்கே பாறை இருக்கிறது என்பதையும் சொல்லித் தருவார்கள். கேட்காமல் நின்றால் அதே பாறையில் உங்கள் ஈயக்குண்டு மாட்டும்போது வேடிக்கை பார்ப்பார்கள்.

– ஒருவர் மீன் பிடித்ததைப் பார்த்ததும் அவர் தோளோடு தோள் ஒட்டி நின்று அதே இடத்தில் வீசாதீர்கள். இதைவிட அநாகரிகம் கரையில் வேறு இல்லை.

– சாப்பிடவோ தொழவோ கழிப்பறைக்கோ போனால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரத்தில் மீன் கடித்தால் அவர் இழுத்து வைப்பார், மீன் உங்களுடையது. இது எழுதாத சட்டம். மீறினவரைப் பற்றி ஜெட்டியில் வருடக்கணக்காகப் பேசுவார்கள்.

– முதல்நாள் ராத்திரியே பையையும் பாயையும் போட்டு மூலையைப் பிடித்து வைக்காதீர்கள். பூங்காவில் கூடாரம் அடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும், அதுவும் குறித்த இடங்களில்தான்.

– சக்கர நாற்காலியில் வருபவருக்கும் முதியவருக்கும் படி இல்லாத, கம்பி தாழ்ந்த இடத்தை விட்டுக்கொடுங்கள். உங்களுக்குப் பத்து அடி தள்ளி நின்றாலும் அதே கடல்தான்.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கங்களிலிருந்து வந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை ஊத்தா, கச்சா என்ற மீன்பிடி கருவிகளோடு நூற்றுக்கணக்கானோர் காத்திருப்பார்கள். ஒருவர்கூட முன்கூட்டி இறங்க மாட்டார்கள். பிடித்ததை விற்கக்கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும் என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. குத்தகைக்காரருக்கு உரிய மீன் போக மிச்சத்தை ஊரே பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. துண்டை வீச ஆள் இல்லாத இடத்தில்தான் நாம் நம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீசுவதும் இழுப்பதும்

– வீசும் முன்பு திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும். நீர்த்தேக்கக் கரையில் உங்களுக்குப் பின்னால் பூங்கா இணைப்புப் பாதை ஓடுகிறது. சைக்கிளில் வருபவர் சத்தமில்லாமல் வருவார். மூன்று முனை முள் ஒன்று கன்னத்தில் தைத்தால் மருத்துவமனைக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் தலைக்கு மேல் சுழற்றி வீசாமல் பக்கவாட்டிலோ கீழிருந்தோ வீசப் பழகுங்கள். தூரம் குறையும், பரவாயில்லை. பீக்காக் பாஸ் பெரும்பாலும் கரையோரம்தான் சுற்றும்.

– ஜெட்டியில் ஈயக்குண்டின் எடையைப் பக்கத்து ஆளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நீரோட்டம் இழுக்கும்போது அவருடைய குண்டு தரையில் நிற்க, உங்களுடையது இழுபட்டுப் போனால், பத்து நிமிடத்தில் உங்கள் நரம்பு வரிசையில் உள்ள அத்தனை பேருடையதையும் மாலை கட்டிவிடும்.

– பக்கத்தில் இருப்பவருக்குப் பெரிய மீன் மாட்டினால் உங்கள் தூண்டிலை உடனே சுருட்டுங்கள். பெரிய திருக்கை ஜெட்டித் தூண்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போகும். அவர் நாலைந்து பேருடைய தூண்டில்களுக்குக் கீழே குனிந்து நுழைந்து நடக்க வேண்டியிருக்கும். கைவலை இருந்தால் எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள், ஆனால் அவர் கேட்காமல் நரம்பைத் தொடாதீர்கள். கடைசி நிமிடத்தில் உதவிக்கு வந்த கை பட்டு மீன் அறுந்து போனால் இருவருக்கும் மனத்தாங்கல்.

– நரம்பு சிக்கிக்கொண்டால் யார்மேல் தப்பு என்று பார்க்கும் முன்பு இரண்டு பேரும் இழுப்பதை நிறுத்துங்கள். அவிழ்க்க முடியாவிட்டால் முதலில் உங்கள் நரம்பை வெட்டுங்கள். அடுத்தவர் நரம்பில் கத்தி வைக்க அவர் சம்மதம் வேண்டும்.

– படகோட்டிகள் வந்தால் நிறுத்துங்கள். மெக்ரிட்சியில் கயாக் ஓட்டும் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். அவர்கள் உங்கள் எல்லைக்குள் வந்துவிட்டாலும் கத்தாதீர்கள். இளைஞர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

– இடி கேட்டதும் மூட்டை கட்டுங்கள். இந்தத் தீவில் இடிமழைக்குப் பஞ்சமே இல்லை. கையில் இருப்பது கார்பன் கம்பு, மின்சாரம் கடத்தும். நிற்பது திறந்தவெளி ஜெட்டி. "இன்னும் ஒரு வீச்சு" என்பது வேண்டாம். கால்வாயோரம் என்றால் மழை வேறு எங்கோ பெய்திருந்தாலும் தண்ணீர் சில நிமிடங்களில் ஏறும். பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றங்கரையில் எச்சரிக்கை ஒலியும் விளக்கும் வைத்திருப்பது அழகுக்கு அல்ல.

வேலிக்கு அந்தப் பக்கம்

நல்ல மீன் எப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும் என்பது தூண்டில்காரர்களின் நிரந்தரச் சந்தேகம். அந்தப் பக்கம் யாரும் பிடிப்பதில்லை என்பதால் அது பல சமயம் உண்மையும்கூட. இந்த நகரத்தில் அந்தப் பக்கம் என்பது நாலைந்து வகை.

ஒன்று, கூட்டுரிமைக் குடியிருப்பு. ஆற்றங்கரை வீடுகளுக்கு விலை அதிகம், அந்த விலையில் கரையும் சேர்ந்ததுபோல் தோன்றும். பெரும்பாலும் வேலிக்கு வெளியே உள்ள நடைபாதை பொதுவானது, உள்ளே உள்ள புல்தரை அவர்களுடையது. பொதுப்பாதையில் போகிறவரைத் தடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. உள்ளே நுழையவோ, அவர்கள் கார் நிறுத்துமிடத்தில் நிறுத்தவோ, நீச்சல்குளத்துக் குழாயில் கை கழுவவோ நமக்கு உரிமை இல்லை. குடியிருப்பாளர் ஒருவர் கதவைத் திறக்கும்போது அவர் பின்னாலேயே நுழைந்துவிடாதீர்கள்.

இதில் நம்மவர்களுக்கென்று தனியாக ஒரு வார்த்தை. வாசலில் நிற்கும் காவலர் பல இடங்களில் தமிழர், ஜொகூரிலிருந்து விடியலில் பாலம் கடந்து வேலைக்கு வருபவராகவும் இருக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் நின்று பார்க்கிற வேலை. அவரிடம் போய் "அண்ணே, நம்ம ஊரு எது? அஞ்சு நிமிஷம்தான், பின்பக்கம் போய்ட்டு வந்துடறேன்" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. அவர் முகம் கொடுத்துப் பேசுவார், ஊர் பேர் சொல்வார். பிறகு தர்மசங்கடமாகச் சிரிப்பார். அவருக்கு மேலே கேமரா இருக்கிறது. நீங்கள் பிடித்த ஒரு மீனுக்கு அவர் வேலை போகலாம். உறவு சொல்லிக் கேட்பது முறைதான், இல்லை என்று சொல்ல முடியாதவரிடம் கேட்பது முறையல்ல. வணக்கம் சொல்லிவிட்டுச் சுற்றுப்பாதையில் போங்கள்.

இரண்டு, கோல்ஃப் மைதானமும் படகுக் கழகங்களும். நீர்த்தேக்கக் கரையில் சில இடங்களில் புல்வெளி தண்ணீர் வரை இறங்கி வரும், வேலி கண்ணில் படாது. வேலி இல்லாததால் அது நம்முடையதாகிவிடாது.

மூன்று, ராணுவப் பகுதியும் பாதுகாக்கப்பட்ட இடங்களும். சிவப்புப் பலகை, நாலு மொழி. கையைத் தூக்கி நிற்கும் ஆளை நோக்கிச் சிப்பாய் துப்பாக்கி நீட்டும் படம். மொழி தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்றுதான் அந்தப் படம் போட்டிருக்கிறார்கள். இதில் விவாதத்துக்கு இடமில்லை, திரும்பி வந்துவிடுங்கள். துறைமுக எல்லையும் அப்படித்தான்.

நான்கு, சதுப்புநிலம். கிராஞ்சி, மண்டாய்ச் சேற்றுவெளிகளில் குதிரைலாட நண்டுகள் வாழ்கின்றன. அவற்றை மீட்கவென்றே இயற்கைச் சங்கத் தொண்டூழியர்கள் சேற்றில் இறங்குகிறார்கள். யாரோ விட்டுப்போன வலையில் அவை சிக்கிக் கிடக்கும். அந்தப் பக்கம் நண்டுக்கூடு வைக்காதீர்கள். ஜெட்டியில் நண்டுவலை தொங்கவிடுபவர்களும் போகும்போது எண்ணி எடுத்துக்கொண்டு போங்கள். கயிறு அறுந்து தரையில் கிடக்கும் கூடு ஆள் இல்லாமலே பிடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே செத்த நண்டு அடுத்த நண்டுக்கு இரை.

ஐந்து, மீன் பண்ணையும் கட்டணக் குளமும். காசு கொடுத்துப் பிடிக்கும் குளத்தில் முதலாளியின் விதிதான் விதி. அங்கே போய் எங்கள் ஊரில் இப்படி இல்லை என்று சொல்ல வேண்டாம்.

மீனுக்கும் மற்ற உயிர்களுக்கும்

தோமான் என்று இங்கே சொல்லும் மீன் நம் விராலின் பெரிய உறவு. அதன் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று ஒரு கூட்டமாக மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டு இறங்கும். நீர்ப்பரப்பு கொதிப்பதுபோல் ஓர் இடம் சலசலக்கும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அந்தச் சலசலப்பின்மேல் லூரைப் போட்டால் குஞ்சைக் காக்க வந்து கடிக்கும், பசிக்காக அல்ல. பிடிப்பது சுலபம். பெற்றோரை எடுத்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். அயல் மீன்தானே, ஒழியட்டும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அப்படிச் சொல்பவர் அதே தோமானை அடுத்த வாரம் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுவதையும் பார்க்கிறோம். எது உங்கள் கொள்கையோ, இரண்டு வாரமும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

– திரும்ப விடுவதானால் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், வழவழப்பு உரிந்தால் மீனுக்குப் புண் வரும். வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் போட்டு அளக்காதீர்கள். படத்துக்குச் சில நொடி போதும். முள்ளின் எதிர்நாக்கைக் குறட்டால் நசுக்கி வைத்தால் மீனுக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது.

– சாப்பிடுவதானால் உடனே கொல்லுங்கள். வாளியில் துடிக்கவிட்டுப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டாதீர்கள்.

– ஒரு தண்ணீரில் பிடித்ததை வேறு தண்ணீரில் விடாதீர்கள்.

– கடல் கெளுத்தியின் முள்ளிலும் திருக்கையின் வாலிலும் விஷம். வேண்டாத மீன் என்று ஜெட்டித் தரையில் எறிந்துவிட்டுப் போனால் அடுத்து மிதிப்பது செருப்புப் போட்ட குழந்தை.

– நீர்நாய்க் குடும்பம் வந்தால் தூண்டிலைத் தூக்குங்கள். அவை உங்களைவிட நன்றாக மீன் பிடிப்பவை, அன்றைக்கு அந்த இடம் அவற்றுக்கு. உடும்பு, நாரை, ஆமை எதுவானாலும் முள் மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்துவிட்டு ஓடிப்போகாதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மீட்பு எண் 1800-476-1600. தப்பு உங்கள்மேல்தான் என்றாலும் கூப்பிடுங்கள்.

– அறுந்த தங்கூஸ் நரம்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போடுங்கள், கம்பியில் சுற்றிவிட்டுப் போகாதீர்கள். குப்பை போட்டால் முதல் தடவைக்கே 300 வெள்ளி. பணத்தைவிட மோசம், பறவையின் காலில் சுற்றிய நரம்பு நாள்கணக்கில் இறுகும்.

– ஜெட்டியில் மீன் கழுவினால் ரத்தத்தையும் செதிலையும் கழுவிவிட்டுப் போங்கள். காலையில் அந்த இடத்தில் தை-சி பழகும் அம்மாக்கள் வருவார்கள். புகார் எழுத அவர்களுக்கு நேரம் நிறைய உண்டு.

ராத்திரி

கடலோர ஜெட்டியில் நல்ல கடி ராத்திரிதான், அதனால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 10.30க்குப் பிறகு காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. 2015 முதல் தீவு முழுவதும் இதுதான் சட்டம். லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு வார இறுதிக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அங்கே வாங்க முடியவில்லை என்று வேறிடத்தில் டைகர் பீர் வாங்கிக்கொண்டு ஜெட்டிக்குப் போனால் 10.30க்கு மூடி வைக்க வேண்டும். புகை: 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து பூங்காக்களிலும் குறித்த கடற்கரைகளிலும் கிடையாது. ஜெட்டி பூங்காவுக்குள் இருந்தால் ஜெட்டியிலும் கிடையாது.

தலைவிளக்கை ஆள் முகத்தில் அடிக்காதீர்கள், தண்ணீரில் அடித்தாலும் மீன் ஓடும் என்று பெரியவர்கள் முறைப்பார்கள். இளையராஜாவை எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் காதுக்குள் போட்டுக் கேளுங்கள். ரீலில் மணி கட்டுபவர்கள் மீன் கடிக்காதபோதும் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும் மணியைக் கழற்றி வையுங்கள். தனியாகப் போனால் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். யாராவது தண்ணீரில் விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். மிதவை வளையத்தை எறிந்துவிட்டு 995ஐ அழையுங்கள்.

புதிதாக வந்தவரைக் கண்டால்

ஞாயிற்றுக்கிழமை மதியம், கால்வாயோரம், ஒரு பாட்டிலில் நரம்பு சுற்றி, முனையில் மாவு உருண்டையோடு ஒரு தம்பி நிற்பார். தொழிலாளர் விடுதியிலிருந்து தேக்காவுக்குப் போகிற வழியில் இறங்கியவர். மன்னார்குடியிலோ அறந்தாங்கியிலோ வாய்க்காலில் இப்படித்தான் நின்றிருப்பார், யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, திலாப்பியா கண்ணுக்குத் தெரிகிறது. அவர் நிற்பது தப்புதான்.

உடனே கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. முகம் தெரிய எடுத்து, கேலியாக ஒரு வரி எழுதி, நாலு குழுவில் போட்டுவிட்டுப் பொறுப்பான குடிமகன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. படம் சுற்றினால் அவர் வேலை அனுமதிக்கே வினையாகலாம். மூன்று வாக்கியம் தமிழில் பேசினால் முடிகிற காரியம் இது. "தம்பி, இது குடிக்கிற தண்ணி, இங்க போடக்கூடாது. மாட்டினா மூவாயிரம் வெள்ளி வரைக்கும் கேப்பாங்க. பிடோக்ல இடம் இருக்கு, ரப்பர் மீனு போட்டுப் பிடிக்கலாம்." பஸ் எண்ணையும் சொல்லுங்கள். பழைய லூர் ஒன்று பையில் கிடந்தால் கொடுங்கள், பெட்டியில் துருப்பிடிப்பதற்கு அது மேல்.

நீங்களே புதியவரானால் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கரையில் நிற்பவர்களில் அதிகம் பேசாதவரைத் தேடிப் போய்க் கேளுங்கள். எங்கே பெரிய மீன் இருக்கிறது என்று கேட்டால் பொய் சொல்வார். எங்கே நிற்கக்கூடாது என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்.